வட சென்னை இளைஞர் மன்றங்கள் இடத்தையும் பொருளையும் பகிர்ந்துகொள்ள இயலுமா? (விவாத இழை)

கொருக்குப்பேட்டை மாலைப்பள்ளி:

அனைவருக்கும் வணக்கம். கொருக்குப்பேட்டையில், பள்ளி முடிந்து வரும் பிள்ளைகளுக்கும் படிப்பை இடையில் விட்ட இளைஞர்களுக்குமாக ஒரு மாலை மையத்தை நாங்கள் சிலர் சேர்ந்து நடத்திவருகிறோம். புளியந்தோப்பு, வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று நம் பகுதி முழுவதும் இப்படி ஒரு மன்றமோ, படிப்பகமோ, உடற்பயிற்சிக் கூடமோ இயங்குவதை நீங்கள் அறிவீர்கள். இவற்றில் பலவும் ஆண்டுதோறும் அதே கடைக்காரர்களிடமும் அதே நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியிடமும் தனித்தனியாகக் கையேந்தி, ஏறக்குறைய ஒரே பொருட்களையே வாங்குகின்றன.

ஒரு மன்றத்தின் கேரம் போர்டு மாலை ஆறு மணி வரை சுவரில் சாய்ந்திருக்க, இரண்டு தெரு தள்ளி விடுமுறை நாளில் பிள்ளைகள் போர்டு இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். நன்கொடையாக வந்த புரொஜெக்டர் ஆண்டுவிழா அன்றைக்கு மட்டும் பீரோவை விட்டு வெளியே வருகிறது. 2011இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த கணினிகள், பேட்டரி போனதால் எத்தனையோ வீடுகளில் பரணில் கிடக்கின்றன. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாததால் திருமண மண்டபங்கள் பூட்டியே இருக்கின்றன. அதே மார்கழியில்தான் அரையாண்டுத் தேர்வுக்குப் படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு உட்கார இடம் போதுவதில்லை.

புதிதாக வாங்குவதைக் குறைத்து, இருப்பதை மன்றங்களுக்கிடையே பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு ஒன்றைத் தொடங்கலாம் என்று நினைக்கிறோம். எதை முதலில் பகிரலாம், யார் பொறுப்பேற்பது, இதனால் இளைஞர்களுக்கு உண்மையிலேயே பயன் உண்டா அல்லது நடத்துகிற எங்களுக்குச் செலவு குறைவதோடு நின்றுவிடுமா என்பவை குறித்துக் கருத்து வேண்டுகிறேன்.

திருவொற்றியூர் டெலிவரிக்காரன்:

ஐயா, உங்கள் நோக்கத்தை மதிக்கிறேன். ஆனால் பகிர்வுப் பொருளாதாரம் என்று தொடங்கியது எங்கே போய் முடிந்தது என்பதை அன்றாடம் பார்க்கிற தொழிலில் நான் இருப்பதால், சிலவற்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 2008இல் ஏர்பிஎன்பியும் 2009இல் ஊபரும் தொடங்கப்பட்ட காலத்தில், சும்மா கிடக்கும் அறையையும் சும்மா நிற்கும் காரையும் மற்றவர்களோடு பகிர்வதாகத்தான் அந்தத் தொழிலுக்கு விளக்கம் சொன்னார்கள். இன்று எங்கள் தெருவில் செயலிகளுக்காக வண்டி ஓட்டும் பையன்களில் எவரிடமும் சும்மா நின்ற வண்டி என்று ஒன்று இருந்ததில்லை. இந்த வேலைக்காகவே தவணையில் வாங்கிய வண்டிதான் இருக்கிறது. பெட்ரோல், டயர், பஞ்சர், கைபேசி, மழைக்கோட்டு என அத்தனை செலவும் ஓட்டுகிறவருடையது. வண்டி கீழே விழுந்தால் கண்ணாடியும் அவருடையது, கால் எலும்பும் அவருடையது.

நிதி ஆயோக் 2022இல் வெளியிட்ட அறிக்கை, நிரந்தர வேலை இல்லாமல் கிடைக்கும் வேலைக்கேற்பக் கூலி பெறும் ‘கிக்’ தொழிலாளர்கள் 2020-21இல் நாட்டில் 77 லட்சம் பேர் இருந்ததாகவும், 2029-30இல் அது 2.35 கோடியாகும் என்றும் கணித்தது. வட சென்னையில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைக்குக் கையில் கிடைக்கும் முதல் வேலை பெரும்பாலும் இதுதான் என்பதால், இளைஞர் பணி செய்கிறவர்கள் இதை ஒதுக்கிவைத்துவிட்டு கேரம் போர்டைப் பற்றி மட்டும் பேச முடியாது. பதினெட்டு நிரம்பாத பையன்கள் அண்ணனுடைய கணக்கிலோ, வாடகைக்கு எடுத்த கணக்கிலோ ஓட்டுவது நடக்கிறது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. இதை அந்த வீடுகளில் யாரும் சொன்னதில்லை.

தமிழ்நாடு அரசு 2023இல் இத்தொழிலாளர்களுக்கென்று தனி நல வாரியம் அமைத்திருக்கிறது. மத்திய அரசின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, செயலி நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதத்தை இவர்களுடைய நலனுக்காகச் செலுத்த வேண்டும் என்கிறது. வாரியத்தில் பெயரைப் பதிவுசெய்ய ஆதாரும் கைபேசியும் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி, ஒரு மாலைப்பொழுதை மன்றம் இதற்கு ஒதுக்கினாலே பெரிய உதவியாக இருக்கும். பகிர்வுத் திட்டம் எதுவானாலும், பொருள் உடைந்தால் நட்டம் யாருக்கு என்று முதல் நாளே எழுதிவையுங்கள். அதை எழுதாமல் விட்டால், கூட்டத்தில் யார் ஏழையோ அவர் தலையில்தான் அது வந்து விழும்.

காசிமேடு பட்டதாரி:

நட்டம் யாருக்கு என்று தோழர் கேட்டதிலிருந்து தொடர்கிறேன். எங்கள் குடும்பம் ஃபைபர் படகுக் குடும்பம். படகில் போகிறவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது, பங்குதான். மீன் ஏலம் போனதும் எரிபொருள், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்துவிட்டு, மிச்சத்தைப் படகுக்கு, இயந்திரத்துக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று பிரிப்பார்கள். மீன்பாடு இல்லாத நாளில் ஆளுக்கும் ஒன்றுமில்லை, படகுக்காரருக்கும் ஒன்றுமில்லை. இதில் அநியாயமே நடக்காது என்று நான் சொல்லவில்லை. படகுக்காரரிடம் முன்பணம் வாங்கிவிட்டு ஆண்டுக்கணக்கில் அதிலிருந்து மீள முடியாதவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் பொருளை வைத்திருப்பவரும் உழைப்பவரும் நட்டத்தில் சேர்ந்து நிற்கும் ஏற்பாடு நம் கரையிலேயே நெடுங்காலமாக இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த நாட்களில்தான் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறையும் வருகிறது. வலை பின்னத் தெரிந்த, டீசல் இயந்திரத்தைப் பிரித்து மாட்டத் தெரிந்த, அலையில் நீந்தத் தெரிந்த இருபது வயதுப் பையன்கள் துறைமுகத்தில் சீட்டாடிக்கொண்டிருக்கிறார்கள். கடலுக்கு இவ்வளவு அருகில் வாழ்ந்தும் நீந்தத் தெரியாத பிள்ளைகள் இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கிறார்கள். உங்கள் பட்டியலில் பொருட்கள் மட்டும் இருக்கின்றன, இவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீச்சலைக் கடலில் தொடங்க வேண்டாம், மாநகராட்சி நீச்சல் குளத்தில் அனுமதி கேட்டுத் தொடங்கலாம்.

பெரம்பூர் கணக்கர்:

நல்ல பேச்சு. ஆனால் வாடகை எவ்வளவு, ரசீது யார் தருவது, பணம் எந்த வங்கிக் கணக்கில் சேரும்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத பகிர்வு ஆறு மாதத்தில் சண்டையில் முடியும் என்பது என் அனுபவம்.

ராயபுரம் பழைய நூலகர்:

ஓய்வுபெற்ற நூலகன் என்ற முறையில், இந்த விவாதத்தில் விடுபட்டுப்போன ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஊரார் எல்லோருக்கும் பொதுவாகப் பொருளை வாங்கி வைத்து, கேட்டவருக்குக் கொடுத்து, திரும்ப வாங்கி, கிழிந்ததை ஒட்டி மறுபடியும் கொடுக்கும் முறை நமக்குப் புதியதன்று. நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் அவர்களின் முயற்சியால் 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியபோது, சுதந்திர இந்தியாவில் அப்படியொரு சட்டம் வந்தது அதுவே முதல் முறை. சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலிக்கப்படுவதால், வீட்டு வரி கட்டும் ஒவ்வொருவரும் இன்றும் அதற்குப் பங்களித்துக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் பெர்க்லி நகரப் பொது நூலகம் 1979 முதல் புத்தகத்தைப் போலவே சுத்தியலையும் துளையிடும் இயந்திரத்தையும் உறுப்பினர்களுக்கு இரவல் கொடுத்துவருகிறது. அதற்கு வேண்டிய நடைமுறை அறிவு முழுவதும் நூலகங்களில் ஏற்கெனவே இருந்தது.

நட்டம் பற்றிக் கேட்டவருக்காக ஒரு விதியைச் சொல்கிறேன். மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில், நூலகத்தில் ஓராண்டில் வாசகர் எடுத்துப் படித்த அல்லது இரவல் வாங்கிய ஆயிரம் புத்தகங்களுக்கு ஐந்து தொலைந்துபோனால், அதில் நேர்மையின்மையோ அலட்சியமோ இல்லாத வரையில் அதை நியாயமான இழப்பாகக் கொள்ளலாம் என்று இருக்கிறது. புத்தகம் நடமாடினால் சில தொலையும் என்பதை அரசே ஏற்றுக்கொண்ட பிறகும், தன் கைப்பணத்தைக் கட்ட வேண்டிவருமோ என்று அஞ்சிப் பீரோவைப் பூட்டிவைத்த நூலகர்களை நான் பார்த்திருக்கிறேன். பூட்டிய பீரோவில் ஒரு புத்தகமும் தொலைவதில்லை, கணக்கும் துல்லியமாக இருக்கும். உங்கள் மன்றங்களில் சாவியை வைத்திருப்பவருக்கு அந்த அச்சம் வரக்கூடாது. ஆண்டுக்கு இத்தனை பொருள் உடையலாம், இத்தனை தொலையலாம் என்று தொடக்கத்திலேயே ஓர் அளவை ஒப்புக்கொண்டு, அதற்கு ஒரு சிறு நிதியை ஒதுக்கி வையுங்கள்.

வியாசர்பாடி இடதுகால்:

நூலகர் ஐயா சொன்ன பூட்டிய பீரோ மைதானத்துக்கும் பொருந்தும். 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி, செயற்கைப் புல் போட்ட ஒன்பது கால்பந்து மைதானங்களைத் தனியார் பராமரிப்பில் விட்டு, ஆடுகிற ஒருவருக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்கலாம் என்று தீர்மானம் போட்டது. எங்கள் முல்லை நகர் மைதானமும் அதில் இருந்தது. பத்துப் பையன்கள் ஒரு மணி நேரம் ஆட 1,200 ரூபாய் என்றால், எங்கள் பகுதியில் யார் வீட்டில் கொடுப்பார்கள்? எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. அதன்பிறகும் கேள்வி தீரவில்லை. கட்டணம் இல்லாத மைதானத்தை இப்போது உண்மையில் யார் பயன்படுத்துகிறார்கள் என்று பாருங்கள். மாலை ஐந்து முதல் எட்டு வரை வேலைக்குப் போகும் பெரியவர்களின் அணிகள் பிடித்துக்கொள்கின்றன. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் கோட்டுக்கு வெளியே நின்று பந்தை எடுத்துக் கொடுக்கிறார்கள்.

ஆகவே பொதுவில் இருக்கிறது என்பதாலேயே அது பகிரப்படுகிறது என்று ஆகிவிடாது. வாரத்தில் எந்த நாள், எந்த மணி யாருக்கு என்று எழுதி, மைதானத்தின் வாசலில் ஒட்ட வேண்டும். அதைக் காப்பாற்ற ஒரு ஆள் வேண்டும்.

ஷூ விஷயத்தில் மட்டும் எங்களிடம் ஓர் ஏற்பாடு நன்றாக ஓடுகிறது. கால் வளரும் வயதில் ஒரு ஷூ ஓராண்டு கூட வருவதில்லை என்பதால், சின்னதாகிப்போன ஷூவைப் பையன் கழுவிக் காயவைத்துத் திரும்பக் கொடுத்துவிட்டு அடுத்த அளவை எடுத்துக்கொள்வான். அடிப்பாகம் பிய்ந்ததைச் செருப்புத் தைக்கிற தாத்தா சரிசெய்து தருகிறார். அவருடைய கூலியை அணியே கொடுக்கிறது.

பெரம்பூர் கணக்கர்:

மைதானத்துக் கட்டணத்தை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் செயற்கைப் புல் சில ஆண்டுகளில் தேயும், மின்விளக்குக்குக் கட்டணம் வரும், வலை கிழியும். அந்தச் செலவைப் பற்றிப் பேசாமல் இலவசம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால், அடுத்த முறையும் பராமரிப்பின் பேரால் இதே தீர்மானம் வரும்.

வியாசர்பாடி இடதுகால்:

அந்தச் செலவு மாநகராட்சியுடையது, தோழர். பூங்காவுக்குப் புல் வெட்டுவதற்கு நடைப்பயிற்சிக்காரர்களிடம் யாரும் மணிக்கணக்கில் காசு கேட்பதில்லை. மன்றங்களின் சொந்தப் பொருட்களுக்குச் சந்தா வையுங்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. மக்களின் வரிப்பணத்தில் வந்ததற்குப் பிள்ளைகளிடம் இரண்டாம் முறை வசூலிக்கக் கூடாது.

புளியந்தோப்பு அக்கா:

இதுவரை எழுதியவர்களின் பதிவுகளில் பெண்பிள்ளைகளைக் காணவில்லை என்பதைச் சொல்லிவிட்டு என் கருத்துக்கு வருகிறேன். மைதானத்து நேரப்பட்டியல் எழுதுகிற தம்பிக்கு முதல் கோரிக்கை: பெண்பிள்ளைகளுக்கு மாலை நான்கரை முதல் ஆறு வரையிலான நேரத்தைக் கொடுங்கள். காலை ஐந்து மணியும் இரவு எட்டு மணியும் காலியாக இருக்கிறது என்று கொடுத்தால், அந்த நேரத்தில் எந்த வீட்டிலும் அனுப்பமாட்டார்கள். பட்டியலில் சமமாக இருக்கும், மைதானத்தில் ஒரு பெண்ணும் இருக்கமாட்டாள். கழிப்பறை இல்லாத மண்டபத்தையும் மைதானத்தையும் பட்டியலில் சேர்க்கும்போது அதற்கு எதிரே அப்படியே குறித்துவிடுங்கள். நாங்கள் வீணாக வந்து திரும்ப மாட்டோம்.

இரண்டாவது, வாட்ஸ்அப். இரவல் வாங்க ஒரு குழு தொடங்குவீர்கள், அதில் எல்லா மன்றத்துப் பிள்ளைகளையும் சேர்ப்பீர்கள், ஒரே இரவில் எங்கள் பெண்பிள்ளைகளின் எண்கள் அறிமுகமில்லாத நூறு பேரிடம் போய்விடும். இது கற்பனை அன்று; எங்கள் பகுதியில் ஒரு போட்டிக்காகத் தொடங்கிய குழுவில் நடந்தது, அதன்பின் இரண்டு பெண்கள் விளையாட்டையே விட்டார்கள். ஒவ்வொரு மன்றத்திலும் பொறுப்பான பெரியவர் ஒருவருடைய எண் மட்டுமே வெளியில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, ஆட்களைப் பகிர்வது பற்றி. நீச்சல் கற்றுக்கொடுக்கவோ கணக்குச் சொல்லிக்கொடுக்கவோ ஒரு மன்றத்திலிருந்து இன்னொரு மன்றத்துக்கு ஒருவர் போகும்போது, அவரை அறிந்தவர் யார், அவர் பிள்ளைகளோடு தனியாக இருக்க நேருமா என்பதை விசாரித்தே அனுப்ப வேண்டும். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி பதினெட்டு வயதுக்கு உட்பட்ட எவரும் குழந்தைதான். குற்றம் நடந்ததை அறிந்தும் தெரிவிக்காமல் இருப்பதும் தண்டனைக்குரியது. பொருளுக்கு ஒரு பக்கம் விதி எழுதினால் இதற்கு இரண்டு பக்கம் எழுதுங்கள்.

இவ்வளவையும் தடையாகச் சொல்லவில்லை. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா நம் வட சென்னைப் பெண், ஆட்டோ ஓட்டுநரின் மகள். அந்தச் செய்தி வந்த பிறகு எங்கள் மையத்தில் பெண்பிள்ளைகள் கேரம் போர்டு கேட்கிறார்கள். எங்களிடம் இருப்பது ஒன்றே ஒன்று, அதையும் மூலை தேய்ந்த பிறகுதான் யாரோ கொடுத்தார்கள். கொருக்குப்பேட்டையில் பகலெல்லாம் சாய்ந்திருக்கும் போர்டு எங்களுக்குச் சனி, ஞாயிறு காலையில் கிடைக்குமானால் நாளைக்கே வந்து எடுத்துக்கொள்கிறோம்.

ஸ்பேனர்:

தொழிற்பயிற்சி நிலையத்தில் பயிற்றுநராக இருக்கிறேன். கருவிகளைப் பற்றியும் உழைப்பைப் பற்றியும் எழுதுகிறேன்.

ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் படித்துவிட்டு வெளியே வரும் மாணவனுக்குச் சான்றிதழ் இருக்கிறது, கருவி இல்லை. ஒரு நல்ல மல்டிமீட்டர், டிரில்லிங் மெஷின், கிரிம்பிங் கருவி, ஸ்பேனர் செட், ஏணி ஆகியவற்றை ஒருவனே வாங்குவதென்றால் முதல் மாதமே கடன்தான். ஆனால் இவற்றில் ஏணியும் டிரில்லிங் மெஷினும் தினமும் தேவைப்படுவதில்லை. ஐந்தாறு இளைஞர்களுக்கு ஒரு பெட்டி என்று பொதுவில் வைத்தால், ஒருவன் தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டு வயரிங் வேலையைத் துணிந்து ஒப்புக்கொள்ள முடியும். கேரம் போர்டைவிட இதற்குத்தான் நான் முன்னுரிமை கொடுப்பேன், ஏனென்றால் இது வருமானமாகத் திரும்புகிறது. கிடைத்த கூலியில் ஒரு சிறு பகுதியைப் பெட்டிக்குக் கொடுக்கச் சொல்லலாம். காசிமேட்டு நண்பர் சொன்ன பங்கு முறையில் இயந்திரத்துக்கு ஒரு பங்கு இருப்பதைப் போலவே இதுவும்.

உழைப்பைப் பகிர்வதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. 1973இல் ஜப்பானின் ஒசாகாவில் தெருகோ மிசுஷிமா என்ற பெண்மணி, பணத்துக்குப் பதிலாக உழைத்த மணி நேரத்தையே சேமிப்பாகக் கொள்ளும் ஒரு வங்கியைத் தொடங்கினார். பின்னர் அமெரிக்காவில் எட்கர் கான் அதைப் போன்ற முறையைப் பரப்பினார். சிகாகோவில் பெரிய மாணவர்கள் சிறிய மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, அந்த மணிக் கணக்கைக் கொண்டு பழுதுபார்க்கப்பட்ட கணினிகளைப் பெற்றுக்கொண்ட திட்டம் ஒன்று இருந்தது. இது நம் இடத்துக்கு அப்படியே பொருந்தும்: பரணில் கிடக்கும் மடிக்கணினிகளை எங்கள் மாணவர்கள் பழுதுபார்ப்பார்கள், கல்லூரி மாணவர்கள் பத்தாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பார்கள், சொல்லிக்கொடுத்தவருக்கு ஒரு கணினி. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் எப்படியும் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் சேவை செய்தாக வேண்டும். அந்த நேரத்தில் ஒரு பகுதியை இதற்குக் கேட்டுப் பார்க்கலாம்.

தயக்கம் எங்கே என்றால், கூலிக்குச் செய்ய வேண்டிய வேலையைப் பகிர்வு என்ற பேரில் இலவசமாக வாங்கிவிடுவார்கள். மண்டபக்காரர் ஆடி மாதத்தில் இடம் கொடுத்துவிட்டு, ஆவணியில் சீரியல் பல்பு கட்ட எங்கள் பையன்களைக் கூப்பிடுவார். அது வேலை, அதற்குக் கூலி உண்டு என்று எழுதிக்கொண்டுதான் மண்டபத்துக்குள் போக வேண்டும்.

திருவொற்றியூர் டெலிவரிக்காரன்:

இதைத்தான் நான் முதலில் சொல்லத் தடுமாறினேன். ஸ்பேனர் அண்ணன் சரியாகச் சொல்லிவிட்டார். கருவிப் பெட்டியில் பஞ்சர் ஒட்டும் செட்டையும் ஒரு காற்றுப் பம்பையும் சேர்த்தால் எங்கள் பையன்களும் சந்தா கட்டுவார்கள்.

கொருக்குப்பேட்டை மாலைப்பள்ளி:

எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்திருக்கிறது. இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. நன்கு அறிந்த ஒருவர் இதற்கென்று ஒரு செயலி செய்து தருவதாகச் சொல்கிறார், அதை ஏற்கலாமா? பள்ளிக் கட்டடங்களை மாலையில் கேட்பதற்கு யாரை அணுக வேண்டும்?

பெரம்பூர் கணக்கர்:

செயலி வேண்டாம். மொத்தமே ஆறேழு மன்றம், நாற்பது ஐம்பது பொருள். ஒரு நீளப் பதிவேடு, அதில் பொருளின் எண், எடுத்தவர் மன்றம், எடுத்த நாள், திரும்பிய நாள், திரும்பியபோது இருந்த நிலை, கையெழுத்து போதும். செயலி செய்துகொடுத்தவர் வேறு ஊருக்குப் போனால் அது நின்றுவிடும், பதிவேட்டை யாரும் எழுதலாம். பதிவேட்டை எழுதும் பொறுப்பை பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைகளிடம் மாற்றி மாற்றிக் கொடுங்கள். கணக்கு எழுதப் பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் அவர்களுக்கு அமையாது.

பள்ளிக்குப் பள்ளி மேலாண்மைக் குழுதான் வழி. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த அந்தக் குழுவில் பெற்றோர்களே பெரும்பான்மை. உங்கள் மையத்துக்கு வரும் பிள்ளையின் தாய் ஒருவர் அதில் உறுப்பினராக இருக்க வாய்ப்புண்டு, அவர் மூலம் தலைமையாசிரியரிடம் பேசுங்கள். தென்கொரியாவின் சோல் நகரம் 2012இல் தன்னைப் பகிர்வு நகரமாக அறிவித்தபோது, அரசுக் கட்டடங்களில் ஆள் இல்லாத நேரத்துக் கூட்ட அறைகளை மக்களுக்குத் திறந்துவிட்டதும் முக்கியமான செயல்களில் ஒன்று. நம் ஊரில் அப்படி ஓர் ஆணை வரும் வரை ஒவ்வொரு பள்ளியாகத்தான் கேட்க வேண்டும். படிப்பதற்கு மட்டும் இடம் வேண்டுமென்றால் கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகத்தையும் போய்ப் பாருங்கள்; போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் சிறு தொழில் செய்பவர்களுக்கும் ஒரே கட்டடத்தில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், குறைந்த கட்டணத்தில் மேசையும் இணையமும் கிடைக்கின்றன. கொருக்குப்பேட்டையிலிருந்து தினமும் அங்கே போய்வருவது சிரமம் என்பது எனக்கும் தெரியும்.

வங்கிக் கணக்குக்குத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் ஏழு பேர் சேர்ந்து சங்கம் பதியலாம். ஏற்கெனவே பதிவான மன்றம் ஒன்று கூட்டத்தில் இருந்தால் புதிதாகப் பதியாமல் அதன் கணக்கிலேயே தனித் தலைப்பில் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக் கணக்கை நான் பார்த்துத் தருகிறேன், கட்டணம் இல்லை. இதையும் உழைப்புச் சுரண்டல் என்று ஸ்பேனர் எழுத மாட்டார் என்று நம்புகிறேன்.

ஸ்பேனர்:

எழுதமாட்டேன், ஐயா. உங்கள் மணி நேரத்தையும் பதிவேட்டில் குறித்துவிடுகிறோம்.

ராயபுரம் பழைய நூலகர்:

ஒரு சிறு திருத்தம். பொருளைத் திருப்பித் தராதவருக்கு அபராதம் போடுவதைத் தவிருங்கள். அபராதத்துக்கு அஞ்சிப் புத்தகத்தையும் திருப்பித் தராமல், நூலகத்துக்கும் வராமல் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். தாமதமானால் ஒருவர் வீட்டுக்குப் போய்க் கேட்கட்டும். அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதும் அப்போது தெரியவரும், உங்கள் பணிக்கு அதுவும் வேண்டியதுதானே.

கொருக்குப்பேட்டை மாலைப்பள்ளி:

மூன்று மன்றத்தாரோடு பேசிவிட்டு எழுதுகிறேன். முதலில் கருவிப் பெட்டி, கேரம் போர்டுகள், ஒரு புரொஜெக்டர் ஆகிய மூன்றை மட்டும் பகிர்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம். மன்றத்துக்கு மாதம் நூறு ரூபாய் சந்தா; அதில் பாதி உடைவு நிதிக்குப் போகும், உடைத்த பிள்ளையிடம் எதுவும் வசூலிப்பதில்லை. கருவிப் பெட்டியைக் கூலி வேலைக்கு எடுத்துப்போகிறவர்கள் வேலை முடிந்ததும் பெட்டிக்கு ஒரு பங்கு கொடுப்பார்கள். எவ்வளவு என்பதைப் பெட்டியை எடுக்கும் இளைஞர்களே கூடி முடிவுசெய்யட்டும் என்று விட்டுவிட்டோம். புளியந்தோப்பு அக்கா எழுதியபடி வெளியில் தரும் எண்கள் நான்கு பெரியவர்களுடையவை மட்டும், அவர்களில் இருவர் பெண்கள். பிள்ளைகளின் பாதுகாப்பு விதிகளை அவரே எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அது கைக்கு வரும் வரை ஆட்களைப் பகிர்வதைத் தொடங்குவதில்லை என்றும் முடிவு. கோடைத் தடைக்காலத்துக்கு முன் நீச்சல் பற்றிக் காசிமேட்டு நண்பரோடு தனியாகப் பேசுகிறேன். நல வாரியப் பதிவுக்கு வரும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குகிறோம்.

மண்டபம் மட்டும் இன்னும் அமையவில்லை. கேட்ட இருவரும் இடம் தரத் தயாராக இருக்கிறார்கள், மின்கட்டணத்தில்தான் பேச்சு நிற்கிறது. வணிக மின்இணைப்பு என்பதால் யூனிட் கணக்கு அதிகம் வரும் என்கிறார்கள்.

புளியந்தோப்பு அக்கா:

மேடை விளக்கையும் ஏசியையும் போடாமல் நாலு டியூப் லைட்டும் நாலு மின்விசிறியும் மட்டும் ஓடினால் மூன்று மணி நேரத்துக்கு எத்தனை யூனிட் ஆகும் என்று ஸ்பேனர் தம்பியிடம் கணக்குப் போட்டு வாங்கி, அதைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். வாயால் சொன்னால் மண்டபக்காரர்கள் கல்யாண நாள் கரண்டு பில்லைத்தான் நினைத்துக்கொள்வார்கள்.

ஸ்பேனர்:

டியூப் லைட் 40 வாட், மின்விசிறி 75 வாட் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 460 வாட். மூன்று மணி நேரத்துக்கு ஒன்றரை யூனிட்டுக்கும் குறைவு. எல்.இ.டி. விளக்காக இருந்தால் இன்னும் குறையும். தாளில் எழுதி, வேண்டுமானால் நானும் கூட வருகிறேன். எந்த மண்டபம் என்று மட்டும் சொல்லுங்கள்.